மூன்றாவது ஸோனின் சிவப்பு விளக்கு

1. வேன் வரவில்லை

கல்யாண மண்டபத்தின் அலுவலகத் தொலைபேசி காலை எட்டேமுக்காலுக்கு ஒலித்தது. எடுத்துப் பேசியவர் மணப்பெண்ணின் தந்தை முனியாண்டி. பேசி முடித்ததும் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் மேடைக்கு ஓடி வந்தார்.

"மாஸ்டர், மேளக்காரங்க வேன் லூபோக் சீனா கிட்ட நின்னுருச்சாம். பெல்ட் அறுந்துபோச்சுங்கிறான். ஒம்போதரைக்கு முகூர்த்தம். மேளம் இல்லாம எப்படிலா தாலி கட்டறது?"

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மலாக்கா நகருக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. முனியாண்டி லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அப்போது சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகையாளரிடம் வெல்டராக வேலை பார்த்தார். சம்பந்தி வீட்டார் பாயா ரும்புட்டைச் சேர்ந்தவர்கள். நான் அந்தத் திருமணத்திற்கு இன்னிசைக் குழுவுடன் வந்திருந்தேன். குழுவின் தலைவரும் கீபோர்டு வாசிப்பவரும் நானே.

மேடைக்குக் கீழே ஒலிபெருக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கோபால் நிமிர்ந்து பார்த்தார். சவுண்டு சிஸ்டம் அவருடையது.

"எங்கிட்ட கெட்டிமேளம் கேசட் இருக்கு முனியாண்டிண்ணே. போட்டுரலாம்லா. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

முனியாண்டியின் முகம் தெளிந்தது. அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத நேர்ந்திராது. ஆனால் நான் பேசினேன்.

"கேசட் வேண்டியதில்லை. நான் இருக்கிற மேடையில கேசட் ஓடக் கூடாது. தவிலும் நாதஸ்வரமும் என் கையிலேயே இருக்கு."

"நெசமாவா மாஸ்டர்?"

"நீங்க போய் ஐயர் பக்கத்துல நில்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கோபால் கேசட்டைத் தம் பெட்டிக்குள் போட்டு மூடினார். சற்று ஓசையுடன் மூடினார், அவ்வளவே.

2. செட்டப் எண் பதினான்கு

இன்று இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களின் கீபோர்டில் எல்லா ஒலியும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. அன்று அப்படியில்லை. ஆகவே என் கருவியைப் பற்றிச் சில வரிகள் சொல்லியாக வேண்டும்.

நான் வைத்திருந்தது கண்ட்ரோலர் வகை. எழுபத்தாறு விசைகள். அதற்கென்று சொந்தக் குரல் கிடையாது. விசையை அழுத்தினால் அது ஒரு கம்பி வழியாகக் கட்டளையை அனுப்பும். பக்கத்தில் அடுக்கியிருக்கும் சவுண்டு மாட்யூலும், பதிவு செய்த ஒலிகளைத் தாங்கிய சாம்ப்ளரும் அந்தக் கட்டளையைக் கேட்டு ஒலிக்கும். சிங்கப்பூருக்குப் போய் நானே வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கியது. எனக்குத் தெரிந்தவரை அப்போது மலாக்காவில் வேறு எந்த இன்னிசைக் குழுவிடமும் அத்தகைய கருவி இல்லை. கல்லூரியில் பௌதிகம் படித்தவன் என்பதால் அதன் ஆங்கிலக் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை வாசித்திருந்தேன். இதை அடக்கமின்மையாகக் கொள்ள வேண்டாம். பிறகு நடந்ததை எடைபோட இது தேவை.

விசைகளை நான்கு ஸோன்களாக, அதாவது நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம். இடக்கைப் பக்கம் ஓர் ஒலி, வலக்கைப் பக்கம் வேறொன்று. விரும்பினால் ஒரே விசைகளின் மேல் இரண்டு ஸோன்களை ஒன்றின் மேல் ஒன்றாகவும் வைக்கலாம். அப்போது ஒரு விரல் இரண்டு ஒலியை எழுப்பும். ஒவ்வொரு ஸோனுக்கும் ஒரு பொத்தான், பொத்தானுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. எரிந்தால் அந்த ஸோன் பேசும், அணைந்தால் பேசாது. இவ்வளவையும் சேர்த்து ஓர் எண்ணில் பதித்து வைப்பதற்குச் செட்டப் என்று பெயர்.

முந்தைய வாரம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இளைஞர் மன்றத்தின் நாடகத்திற்கு வாசித்திருந்தேன். முதல் காட்சி கல்யாணம், கடைசிக் காட்சி சாவு. அதற்காகப் பதித்ததுதான் செட்டப் பதினான்கு. முதல் ஸோனில் தவில், இடக்கைப் பக்கம். இரண்டாவது ஸோனில் நாதஸ்வரம், வலக்கைப் பக்கம். மூன்றாவது ஸோனில் சாவுச் சங்கும் சேகண்டியும். அத்தோட்டத்தில் இழவு வீடுகளில் சங்கு ஊதும் பெரியவரை ஊதச் சொல்லி, நானே ஒலிப்பதிவு செய்து சாம்ப்ளரில் ஏற்றியவை. இவற்றைத் தவில் இருக்கும் அதே இடக்கை விசைகளின் மேல் வைத்திருந்தேன். கல்யாணக் காட்சியில் மூன்றாவது ஸோனை அணைத்துவிடுவேன். சாவுக் காட்சியில் மற்ற இரண்டையும் அணைத்து மூன்றாவதை ஏற்றுவேன். ஆனால் பதிக்கும்போது, நேரமில்லாத அவசரத்தில், மூன்று விளக்கும் எரியும் நிலையிலேயே பதித்துவிட்டேன்.

அந்த நாடகத்தின் ஃபிளாப்பி என் பெட்டியில் இருந்தது.

3. விளக்கைப் பார்த்தவர்

ஃபிளாப்பியிலிருந்து ஒலிகளைச் சாம்ப்ளர் ஏற்றிக்கொள்ள இரண்டு நிமிடம் பிடித்தது. செட்டப் பதினான்கை அழைத்தேன். மூன்று விளக்குகள் எரிந்தன. மூன்றாவது பொத்தானை அழுத்தினேன், விளக்கு அணைந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்துப் பார்த்தேன். தவில் பொரிந்தது, நாதஸ்வரம் இழைந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

இந்த மாற்றத்தை ஸ்டோர் பொத்தானை அழுத்திப் பதித்திருக்க வேண்டும். பதிக்கவில்லை. முகூர்த்தம் வரை இதே செட்டப்பில்தான் இருக்கப்போகிறேன் என்று எண்ணினேன்.

ஒன்பதே காலுக்கு முனியாண்டி மறுபடி வந்தார். "மாஸ்டர், பொண்ண அழைச்சுட்டு வர்றாங்க. சும்மா வந்தா நல்லாருக்காது. ஒரு பாட்டுப் போடுங்க."

பாட்டுக்குப் பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் வேண்டும். அவை செட்டப் மூன்றில் இருந்தன. மாற்றினேன். எங்கள் பாடகி கமலவேணி பாடினார். அவர் பகலில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். சர்க்கியூட் போர்டுகளில் எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்துப் பிரிக்கும் வேலை. ஆறு ஆண்டுகளாக என் குழுவில் பாடிவந்தார். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அதைப் பலர் முன்னிலையில் அவரிடம் சொல்லிக்காட்டியிருக்கிறேன்.

மணப்பெண் மணவறையில் அமர்ந்ததும் பாட்டை நிறுத்தி, செட்டப் பதினான்கிற்குத் திரும்பினேன். கண்கள் ஐயரின் கைமேல் இருந்தன; அவர் கையை உயர்த்தும் நொடியில் நான் தொடங்க வேண்டும்.

கமலவேணி என் இடப்புறம் நின்றிருந்தார். குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மாஸ்டர், மூணாவது லைட்டு எரியுது."

"என்ன?"

"மொதல்ல நீங்க அணைச்சீங்க. இப்ப மறுபடி எரியுது. பாருங்களேன்."

கருவியின் இயல்பு இதுதான். கையால் அணைத்ததைப் பதிக்காமல் வேறு செட்டப்புக்குப் போய்த் திரும்பினால், அணைத்தது கணக்கில் வராது. கடைசியாகப் பதித்த நிலையே திரும்பும். கையேட்டில் இருக்கிறது. நான் அதை வாசித்தவன். குனிந்து ஒரு நொடி பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

"உங்க வேலை மைக்கோட முடிஞ்சுது. இது என் வேலை" என்றேன்.

"சரிங்க மாஸ்டர்" என்று ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

4. கெட்டிமேளம்

ஐயர் தாலியை மணமகன் கையில் கொடுத்தார். கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

இரண்டு கைகளையும் ஒருசேர இறக்கினேன்.

தவில் கேட்டது. நாதஸ்வரம் கேட்டது. அவற்றுக்கு மேலே, மண்டபத்தின் நான்கு மூலைகளிலிருந்தும், இழவு வீட்டுச் சங்கு நீளமாக ஊதியது. சேகண்டி விட்டு விட்டு அடித்தது. கெட்டிமேளத்திற்கு இடக்கை விரல்கள் எவ்வளவு வேகமாக உருள வேண்டுமோ அவ்வளவு வேகமாக உருண்டன; ஆகவே ஒரு சங்கு அல்ல, பல சங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஊதின. கோபாலின் ஒலிபெருக்கிகள் நல்லவை. ஒன்றும் மறைக்கவில்லை.

அட்சதை தூவ உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. முன்வரிசையில் ஒரு பெண்மணி காதைப் பொத்திக்கொண்டார். மணமகன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்தபடியே மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மணப்பெண் தலையை நிமிர்த்தவில்லை. மாலை மட்டும் நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

ஐயர்தான் சுதாரித்தார். "இங்க பாருங்க தம்பி. கட்டுங்க, கட்டுங்க."

அதற்குள் மூன்றாவது பொத்தானை அழுத்தியிருந்தேன். சங்கு நின்றது, தவில் தொடர்ந்தது. நான்கைந்து நொடிகளுக்கு மேல் ஆகியிருக்காது. மீதி இரண்டு முடிச்சும் விழுந்தன. அட்சதை விழுந்தது. ஆனால் தூவியவர்களின் முகங்கள் மணவறைப் பக்கம் இல்லை, என் பக்கம் இருந்தன.

வாசித்து முடித்ததும் மணமகனின் தாயார் லெட்சுமியம்மாள் மணவறையிலிருந்து இறங்கி மேடையருகே வந்தார். கணவரை இழந்தவர். ஆண்டுத் திதி முடிந்த பிறகே மகனின் திருமணத்தை நடத்துவது என்று தேதி தள்ளி வைத்திருந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

"யாரு ஊதுனா அத?"

முன்வரிசையில் நகரத்துக் கோயில் குழுவினர் சிலர் அமர்ந்திருந்தனர். அவர்களுடைய விழாவிற்கு வாசிக்க என்னை அழைக்கலாமா என்று பார்ப்பதற்காகவே வந்தவர்கள். அவர்களையும் பார்த்தேன். லெட்சுமியம்மாளையும் பார்த்தேன். பிறகு மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"மன்னிக்கணும். கரண்ட் ஏறி இறங்கியிருக்கு. மெஷின் தானாகவே சத்தம் போட்டுருச்சு. யார் கையும் படல."

கோபால் தமது ஸ்டெபிலைசரைக் குனிந்து பார்த்தார். முள் அசையாமல் நின்றது.

"மாஸ்டர், கரண்ட் நல்லாதான் ஓடுது" என்றார் மெல்ல.

நான் அவரைப் பார்த்த பார்வையில் மேற்கொண்டு பேசவில்லை. கமலவேணியை நான் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரிந்தது.

5. யார் கையும் படாத சங்கு

விருந்து தொடங்கியது. மேடையில் மெல்லிசை வாசித்துக்கொண்டிருந்தோம். பந்தியில் பேச்சுச் சத்தம் வழக்கத்திற்கு மாறாகத் தாழ்ந்திருந்தது. எங்களுக்கு மிக அருகில் அமர்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர், "சியால் லா இது, அபசகுனம். தாலி ஏர்றப்பவே சங்கா?" என்று பக்கத்து இலைக்குச் சொன்னார்.

"கரண்டுனு சொன்னாரே?"

"கரண்டுக்கு எங்கலா சங்கு ஊதத் தெரியும்?"

பத்தரை மணி இருக்கும், முனியாண்டி மேடைக்கு வந்தார். இம்முறை ஓடி வரவில்லை. படியேறி என் பக்கத்தில் நின்றார். நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

"மாஸ்டர், சம்பந்தியம்மா ஒரே முடிவா சொல்லிட்டாங்க. பொண்ணு இன்னிக்கு அவுங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாதாம். எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. பரிகாரம் என்னானு கேட்டுட்டு, அப்புறமா ஆள் அனுப்புறாங்களாம்."

"சின்ன விஷயம்தானே. நீங்க எடுத்துச் சொல்லலாமே."

"சொன்னேன் மாஸ்டர். மெஷின்ல ஏதோ தப்புனு சொன்னேன். அதுக்கு அந்தம்மா, 'யாரு கையும் படலன்னு மாஸ்டரே மைக்ல சொன்னாரு. படிச்சவரு. அவரு பொய் சொல்வாரா? யாருமே தொடாம சங்கு ஊதுச்சுன்னா ஊதுனது யாரு? எங்க வீட்டுக்காரருதான் வேணாங்கிறாரு'ன்னு அழுவுறாங்க."

முனியாண்டி இன்னும் ஓர் அடி நெருங்கி வந்தார்.

"தாலியோட எம்பொண்ணு திரும்பி என் வீட்டுக்கு வந்தா, எங்க தாமான்ல குடியிருக்கிறவங்க என்னா பேசுவாங்க? இன்னிக்குப் போகாதவள நாளைக்குக் கூப்பிடுவாங்களா?" அவர் குரல் உடையவில்லை. வெல்டிங் செய்து தழும்பேறிய கைகள் கண்ட்ரோலரின் விளிம்பைப் பிடித்திருந்தன. "நான் உங்களக் குத்தம் சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அது நெசமாவே தானா ஊதுச்சா மாஸ்டர்?"

"ஒரு நிமிஷம் குடுங்க" என்றேன். அவர் இறங்கிப் போய்ப் படிக்குக் கீழே நின்றார்.

என் பெயரைக் காத்துக்கொள்ளச் சொன்ன ஒரு வாக்கியம் எங்கே போய் நிற்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாசித்தவன் கை தவறியது என்று சொல்லியிருந்தால் அது வெறும் தவறு; திட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். கையே படவில்லை என்று சொல்லி நான்தான் அதை அபசகுனமாக்கிக் கொடுத்திருந்தேன்.

கமலவேணி மைக்கின் கம்பியைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எங்க ஃபேக்டரில ஒரு போர்டு கெட்டுப்போச்சுன்னா, மெஷின் கெடுத்துச்சுன்னு எழுத விடமாட்டாங்க மாஸ்டர். ஆப்பரேட்டர் பேரு எழுதணும். எழுதுனா திட்டுவாங்க. அதோட முடிஞ்சுரும். எழுதலன்னாதான் லைனையே நிறுத்திருவாங்க."

"மூணாவது லைட்டப் பத்தி யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நான் ஏன் சொல்றேன்? எனக்கு என்னா, நான் மைக்கோட சரி." சுருட்டிய கம்பியை ஸ்டாண்டில் மாட்டினார். "அந்தப் பொண்ணு ரூம்ல உக்காந்து மூஞ்சக் கழுவிக்கிட்டு இருக்கு. மேக்கப்பெல்லாம் போச்சு."

6. ஹெட்ஃபோன்

லெட்சுமியம்மாளை மேடைக்கு அழைத்து வரும்படி முனியாண்டியிடம் சொன்னேன். அந்த அம்மா வர மறுத்தார். நானே இறங்கிப் போனேன். இருபது ஆண்டு மேடை வாழ்வில், வாசித்துக்கொண்டிருந்த மேடையை விட்டு இறங்கி ஒருவரை அழைக்கப் போனது அந்த ஒருமுறைதான்.

"அம்மா, சங்கு தானா ஊதல. என் கைதான் ஊதுச்சு. வந்து பாருங்க. காட்டறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப எதுக்கு மாத்திச் சொல்றீங்க? முனியாண்டி சொல்லச் சொன்னாரா?"

நியாயமான சந்தேகம். பொய் சொன்ன வாய் உண்மை சொல்லும்போது அதற்கும் சாட்சி வேண்டியிருக்கிறது.

"யாரும் சொல்லச் சொல்லல. நீங்களே கேட்டுப் பாருங்க. அப்புறம் நம்பலாம், நம்பாமலும் போகலாம்."

வந்தார். கூடத்தில் மறுபடி அந்தச் சங்கு கேட்கக் கூடாது என்பதால் என் கருவிகளின் ஒலியை முழுவதும் இறக்கிவிடும்படி கோபாலிடம் சொன்னேன். அவர் இறக்கினார், நம்பிக்கை போதாமல் கம்பியையும் பிடுங்கினார். ஹெட்ஃபோனை லெட்சுமியம்மாளிடம் கொடுத்தேன். கொண்டை கலையாமல் அதை மாட்டுவதற்குக் கமலவேணி உதவினார்.

செட்டப் பதினான்கை மறுபடி அழைத்து, மூன்றாவது விளக்கை அணைத்தேன். இடக்கை விசை ஒன்றை அழுத்தினேன். "என்ன கேக்குது?"

"தவுலு."

மூன்றாவது பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. அதே விசையைத் தொட்டேன். அவர் உடம்பு தூக்கிப் போட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றப் போனவர், கழற்றாமல், அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தார்.

"அணைங்க."

அணைத்தேன். விசையைத் தொட்டேன்.

"தவுலுதான் கேக்குது" என்றார். பிறகு தம் விரலை நீட்டினார். "நான் அமுக்கிப் பாக்கலாமா?"

அவரே பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. அவரே விசையைத் தொட்டார். கண்களை மூடிக் கேட்டார். மறுபடி அணைத்தார், ஏற்றினார், அணைத்தார். ஐந்தாறு முறை. ஒவ்வொரு முறையும் அவர் விரல் சொன்னபடியே சங்கு ஊதியது, நின்றது. மெல்ல மெல்ல அவர் முகத்திலிருந்து அச்சம் இறங்கி, அந்த இடத்தில் கோபம் ஏறியது. அந்தக் கோபத்தைக் கண்டு எனக்கு ஆறுதலாக இருந்தது என்றால் நம்புவதற்கில்லை; ஆனால் உண்மை.

"இந்தச் சனியனக் கல்யாணத்துக்கு எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

"நாடகத்துக்குப் போட்டது. அணைச்சேன். பதிச்சு வைக்கல. திரும்ப எரிஞ்சுது."

"எரியறது கண்ணுக்குத் தெரியலியா?"

"நான் பார்க்கல. இவங்க பார்த்தாங்க" என்று கமலவேணியைக் காட்டினேன். "முன்கூட்டியே சொன்னாங்க. நான்தான் கேட்கல."

"காலேஜ் படிச்சவருன்னு சொன்னாங்க" என்றார் லெட்சுமியம்மாள். அந்தச் சொற்களை இன்றளவும் அதே ஏற்ற இறக்கத்தோடு என்னால் திரும்பச் சொல்ல முடியும்.

ஹெட்ஃபோனைக் கழற்றி என் கையில் வைத்தார். "எங்கிட்டச் சொன்னா போதாது. தானா ஊதுச்சுன்னு மைக்ல தானே சொன்னீங்க? இதையும் மைக்ல சொல்லுங்க. எங்க சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கணும். இல்லாட்டி நாளைக்கு ஒரு சளி காய்ச்சல் வந்தாக்கூட அந்தப் பொண்ணு தலையிலதான் போடுவாங்க."

மருமகளைப் பற்றி அவர் அன்று சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. படிக்குக் கீழே நின்ற முனியாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோபால் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். கோயில் குழுவினர் இன்னும் எழுந்து போகவில்லை. நான் எழுந்து நின்று சொன்னேன்:

"பெரியோர்களே. முகூர்த்த நேரத்தில் கேட்ட சங்கொலி தானாக எழுந்ததன்று. மின்சாரத்திலும் குறையில்லை; ஒலிபெருக்கியிலும் குறையில்லை. அணைத்திருக்க வேண்டிய ஒன்றை நான் அணைக்கவில்லை. பாடகி எச்சரித்தார், நான் கேட்கவில்லை. பிறகு உங்களிடம் பொய்யும் சொன்னேன். தவறு முழுவதும் என்னுடையது. மணமக்களுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை."

பந்தியின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்ப நெசமாவே உங்க கைதானா மாஸ்டர்? நாங்க பேயின்னுல நெனச்சோம்!"

யாரோ சிரித்தார். பிறகு பலர் சிரித்தனர். கூடம் முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. லெட்சுமியம்மாளும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். உட்கார்ந்தேன். காதுகள் எரிந்தன. விலகிச் செல்ல இடமில்லாத அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், மணப்பெண் இருந்த அறைக்குள் லெட்சுமியம்மாள் போவதைக் கண்டேன்.

மேளக்காரர்கள் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தனர். மணமக்கள் பாயா ரும்புட்டுக்குப் புறப்படும்போது அவர்கள்தான் வாசித்தார்கள். மணப்பெண்ணின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றியவர் லெட்சுமியம்மாள். தவில்காரர் என்னைக் கடந்து போகும்போது, "எங்க வேலையையும் பாத்து, எங்க சித்தப்பா வேலையையும் பாத்துட்டீங்களாமே மாஸ்டர்" என்றார். அவருடைய சித்தப்பா இழவு வீடுகளில் சங்கு ஊதுபவர்.

7. இளையவர்களுக்கு

கோயில் குழுவினர் என்னை அழைக்கவில்லை. மலாக்காவில் பல ஆண்டுகள் எனக்குச் 'சங்கு மாஸ்டர்' என்று பெயர் இருந்தது. என் முன்னால் சொல்லமாட்டார்கள். பின்னால் சொல்வது கேட்கும். அதை மறுத்து நான் எங்கும் பேசியதில்லை. இங்கும் மறுக்கவில்லை.

தொழில் சார்ந்து சொல்ல வேண்டியது சுருக்கமானது. ஒரு நிகழ்ச்சிக்கு அமைத்த செட்டப்பை இன்னொரு நிகழ்ச்சிக்கு எடுத்தாளாதீர்கள். மாற்றினால் அக்கணமே பதியுங்கள். கல்யாணத்தில் கேட்கக் கூடாத ஒலி, கல்யாணத்திற்கு எடுத்துப்போகும் ஃபிளாப்பியிலேயே இருக்கக் கூடாது. அணைத்து வைத்தது போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். கேசட் போதுமான இடத்தில் கேசட்டைப் போடுங்கள்.

அடுத்த வாரம் முதல் கமலவேணியின் இடம் மாறியது. பாட்டுக்கு முன் அவர் என் இடப்புறம் வந்து நின்று விளக்குகளை வாய்விட்டுச் சொல்வார்: "ஒண்ணு எரியுது. ரெண்டு எரியுது. மூணு இல்ல. நாலு இல்ல." நான் "சரி" என்ற பிறகே கையை வைப்பேன். முதல் சில நாட்கள் அந்த "சரி" என் தொண்டையிலிருந்து எளிதாக வரவில்லை. எதிரே அமர்ந்திருப்பவர்களுக்கு அது வேடிக்கையாகவும் இருந்திருக்கும். நாங்கள் நிறுத்தவில்லை. குழு கலையும் வரை அதுவே வழக்கமாக இருந்தது.

செட்டப்புகளைக் குறித்து வைத்த நீல அட்டை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த எண்ணில் எந்த ஒலி, எந்த விசையிலிருந்து எந்த விசை வரை என்று கட்டம் போட்டு எழுதியது. பதினான்காம் எண்ணுக்கு எதிரே, அந்தத் திருமணத்தன்று மாலை வீடு திரும்பியதும் எழுதிய இரண்டு வரிகள் உள்ளன. தொழிற்சாலையில் எப்படி எழுதுவார்கள் என்று கமலவேணியைக் கேட்டு, அந்த முறைப்படியே எழுதினேன்.

குறை: மூன்றாவது ஸோன் அணைக்கப்படவில்லை.
ஆப்பரேட்டர்: நான்.